நெயில் ஆர்ட்டை டிஜிட்டல் கேமராவில் நெருக்கமாகவும் தெளிவாகவும் படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் வீட்டிலிருந்தே நக அலங்காரம் செய்துதரும் பெண்களும், ஜார்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் சிறிய கடை வைத்திருப்பவர்களும், தங்கள் வேலையைப் படவரியிலும் (இன்ஸ்டாகிராம்) புலனத்திலும் (வாட்ஸ்அப்) காட்ட முனையும்போது எழுப்பும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நல்ல கேமரா வாங்கியும் படம் சரியாக அமையவில்லை என்ற குறையே பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருப்பதால், கேமராவைவிட வெளிச்சத்தைப் பற்றிய பேச்சே பதில்களில் அதிகம் இருக்கும்.

கைப்பேசி இருக்கும்போது தனிக் கேமரா எதற்கு?

விலைப்பட்டியலோடு சேர்த்துப் போடும் சாதாரணப் படத்துக்குக் கைப்பேசி போதும். மிக நெருங்கிப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒற்றை நகத்தில் வரைந்த கோலப் புள்ளிகளையோ மயில் கழுத்தின் நிறமாற்றத்தையோ காட்டுவதற்காக அருகில் கொண்டுபோனால், பல புதிய கைப்பேசிகள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடுகின்றன. அந்த லென்ஸ் விரல்நுனியிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில் நிற்கும்போது முன்னால் உள்ள விரல் பருத்தும் பின்னால் உள்ள விரல் சூம்பியும் தெரியும். கைப்பேசியின் நிழலும் நகத்தின் மேல் விழும். அத்துடன், கைப்பேசியின் மென்பொருள் தோலை மழமழவென்று ஆக்கி, நிறத்தைத் தன் விருப்பம்போல் ஏற்றிவிடுவதும் உண்டு. கேமராவில் தொலைவு, நிழல், நிறம் ஆகிய மூன்றையும் நாமே தீர்மானிக்கலாம்.

எந்தக் கேமரா வாங்குவது? மேக்ரோ லென்ஸ் கட்டாயமா?

மேக்ரோ என்பது மிக நெருங்கிப் படமெடுப்பதற்கான லென்ஸ். அது கட்டாயமில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராக்களில் அந்த சென்சாரின் அகலம் ஏறத்தாழ 22 முதல் 24 மில்லிமீட்டர். கேமராவுடன் சேர்ந்து வரும் 18-55 லென்ஸ்களில் பல, சென்சாரிலிருந்து 25 சென்டிமீட்டர் வரை நெருங்கி, பொருளின் உண்மை அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான உருவை சென்சாரில் விழச் செய்கின்றன. அதாவது, சட்டகத்தின் முழு அகலத்தில் ஏறக்குறைய 6 முதல் 7 சென்டிமீட்டர் அடங்கும். ஒன்றோடொன்று ஒட்டி வைத்த நான்கு விரல்களின் நகங்கள் அந்த அகலத்துக்குள் வந்துவிடும். ஆகவே ஒரு கையின் முழு அலங்காரத்தைக் காட்டுவதற்கு இருக்கும் லென்ஸே போதுமானது.

ஒரே நகம் சட்டகத்தை நிறைக்க வேண்டுமென்றால் மட்டும் மேக்ரோ லென்ஸ் தேவைப்படும். நிக்கான் நிறுவனம் இதே வகையை மைக்ரோ என்ற பெயரில் விற்கிறது. வாங்கும்போது குவியத் தொலைவைக் கவனிக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் மேக்ரோ விலை குறைவாக இருந்தாலும், முழு அளவுக்கு நெருங்கும்போது லென்ஸின் முனைக்கும் நகத்துக்கும் இடையே சில சென்டிமீட்டரே மிஞ்சும். வெளிச்சம் உள்ளே நுழைய வழியிருக்காது. 90 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸில் அரைச் சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிதான் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கான பலன்.

இரண்டுக்கும் நடுவே மலிவான வழிகள் உண்டு. லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் குளோஸ்-அப் கண்ணாடிகள் +2, +4 என்ற எண்களில் கிடைக்கின்றன. +4 கண்ணாடியை மாட்டி, லென்ஸை முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால், கண்ணாடிக்கு முன்னால் 25 சென்டிமீட்டரில் உள்ள பொருள் தெளிவாகும். ஓரங்கள் சற்று மங்கும் என்றாலும் நகம் நடுவில்தானே இருக்கிறது.

சட்டைப்பையில் அடங்கும் சிறிய கேமராவும் நல்ல தேர்வே. அதில் பூ வடிவக் குறியுள்ள மேக்ரோ நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஜூம் செய்யாத நிலையில்தான் அது மிக நெருங்கி ஃபோகஸ் செய்யும் என்பதையும், ஜூம் கூடக்கூட நெருங்கும் எல்லை பின்வாங்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். விரல்கள் பருத்துத் தெரியாமலிருக்க, சற்றே ஜூம் செய்து, அந்த நிலையில் எவ்வளவு நெருங்க முடிகிறதோ அவ்வளவு நெருங்கிப் படமெடுத்து, மீதியைக் கணினியில் வெட்டிக்கொள்வது என் பரிந்துரை.

படம் எடுக்கும்போது திரையில் தெளிவாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலாக இருக்கிறது. ஏன்?

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். எது என்பதைப் படமே சொல்லிவிடும். படத்தில் எந்த இடமுமே தெளிவாக இல்லையென்றால், லென்ஸின் நெருங்கும் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், சற்றுப் பின்வாங்குங்கள். விரல் மூட்டின் சுருக்கங்கள் தெளிவாக இருந்து நகம் மட்டும் மங்கியிருந்தால், கேமரா தவறான இடத்தைப் பிடித்துக்கொண்டது. பளபளப்பான ஒரே நிறப் பூச்சில் கேமராவின் தானியங்கி ஃபோகஸுக்குப் பற்றிக்கொள்ள எந்தக் கோடும் இல்லை. தோலில் ஆயிரம் கோடுகள் உள்ளன. ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக்கி, நகமும் தோலும் சந்திக்கும் அடிவிளிம்பிலோ வரைந்த கோட்டின் மேலோ வைத்தால் இது தீரும். மூன்றாவது வகையில் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டதுபோல் தெரியும். அது அசைவினால் வந்தது.

அசைவைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் குறைக்கும். இரண்டு மணி நேரம் விரலை நீட்டி உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரின் கை நடுங்கினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய மணிக்கட்டும் முன்கையும் மேசையில் முழுமையாகப் படிந்திருக்கட்டும். கீழே சுருட்டிய துவாலை ஒன்றை வையுங்கள். கேமராவை முக்காலியில் பொருத்தி, 2 வினாடித் தாமதத்தைப் பயன்படுத்துங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள்; பிடித்தால் கை இறுகிப்போகும்.

ஒரு நகம் தெளிவாக இருந்தால் மற்றவை மங்குகின்றன. நான்கையும் எப்படித் தெளிவாக எடுப்பது?

நெருங்கிப் படமெடுக்கும்போது தெளிவாக விழும் பகுதியின் ஆழம் மிகவும் மெல்லியது. மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கு அளவில், ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப்/4 (லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எண்; எண் கூடினால் திறப்பு சுருங்கும்) வைத்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும், எஃப்/8 வைத்தால் 4 மில்லிமீட்டரும், எஃப்/11 வைத்தால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும் ஆழம் கிடைக்கும். முழு அளவு மேக்ரோவில் எஃப்/8 வைத்தாலும் 1 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நகத்தின் வளைவே சில மில்லிமீட்டர் உயரம் கொண்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சிக்கல் எங்கே இருக்கிறதென்று புரியும்.

எண்ணை எஃப்/22 வரை ஏற்றுவது தீர்வாகத் தோன்றும். ஆனால் எஃப்/16-ஐத் தாண்டும்போது ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மென்மையாகி, மெல்லிய தூரிகைக் கோடுகள் கூர்மையிழக்கும். எஃப்/8 முதல் எஃப்/11 வரை நிறுத்திக்கொண்டு, கையைச் சரிசெய்வதே நல்லது. நான்கு நகங்களின் மேற்பரப்பும் ஒரே தளத்தில் வரும்படி விரல்களை மடக்கி, அந்தத் தளத்துக்கு நேர் எதிராக, சாய்வில்லாமல், கேமராவை நிறுத்துங்கள். பூச்சுக் குப்பியைப் பிடிக்கச் செய்வது பழைய உத்திதான் என்றாலும், விரல்கள் தாமாகவே ஒரே வரிசைக்கு வந்துவிடுவதால் அது இன்றும் நிலைத்திருக்கிறது. கட்டைவிரலை அதே படத்தில் திணிக்க வேண்டாம். அது வேறு திசையைப் பார்க்கிறது. அதற்குத் தனிப்படம் எடுத்தால் போதும்.

பட்டையான சிறிய கேமராவில் சென்சார் சிறியது என்பதால் ஆழம் இயல்பாகவே அதிகம். அங்கே எண்ணை ஏற்ற வேண்டியதில்லை.

ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் எவ்வளவு இருக்க வேண்டும்?

சன்னல் வெளிச்சத்தில் 1/125 வினாடி, எஃப்/8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400 என்று தொடங்கி, தேவைக்கேற்ப ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றலாம். குழல் விளக்கிலோ மலிவான எல்இடி விளக்கிலோ எடுத்தால் படத்தில் கிடைக்கோடாகக் கருமைப் பட்டைகள் வரக்கூடும். மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அத்தகைய விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/100 அல்லது 1/50 வினாடி வைத்தால் பட்டை மறைந்துவிடும்.

எந்த நேரத்தில், எந்த இடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும்?

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. வடக்குப் பார்த்த சன்னலில் நாள் முழுவதும் வெயில் படாத, சீரான வெளிச்சம் கிடைக்கும் என்பார்கள். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் இருப்பதால், ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் நேர் வெயில் விழலாம். அதன் பிறகு அடுத்த ஏப்ரல் வரை வடக்குச் சன்னல் நம்பத்தக்கது. தீபாவளி முன்பதிவுகள் குவியும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் இதற்குள் அடங்குவது நல்வாய்ப்பு.

இன்னொன்று, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. நம் கடிகாரம் நம் தீர்க்கரேகைக்குரிய நேரத்தைவிட முன்னால் ஓடுவதால், ஏறக்குறைய 1.20 மணிக்குத்தான் வருகிறது. நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் விரல்களுக்கிடையே கறுத்த நிழலை உண்டாக்கும் என்பதால், காலை 9.30 முதல் 11.30 வரையிலும், பிற்பகல் 3.30 முதல் 5.30 வரையிலும் படமெடுப்பது நல்லது. பகலின் நீளம் இங்கே ஆண்டு முழுவதும் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே மாறுவதால், ஒருமுறை உங்கள் சன்னலின் போக்கைத் தெரிந்துகொண்டால் அந்த நேரங்கள் பெரிதும் மாறா.

மழைக்கு முன் வானம் மூடிக்கொள்ளும் நேரத்தைப் பலர் வீணென்று நினைத்துக் கேமராவை எடுத்து வைத்துவிடுகிறார்கள். மெல்லிய மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம்தான் நகத்துக்கு மிகவும் ஏற்றது. புகைமூட்டக் காலம் வேறு. அப்போது வெளிச்சம் பழுப்பேறிவிடும், நிறத்தை நம்ப முடியாது.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தொழில் செய்பவர்களுக்கு, கடையின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான ஐந்தடி ஒரு கொடை. மேலே கூரை மறைக்க, தெருப்பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வருவதால், ஒரு பக்க மென்னொளி செலவில்லாமல் கிடைக்கிறது. எதிரே உள்ள சுவரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீலச் சுவரோ மஞ்சள் சுவரோ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால், அந்த நிறம் தெருவைத் தாண்டி வந்து உங்கள் வெள்ளைப் பிரெஞ்சு நுனியில் ஒட்டிக்கொள்ளும்.

நகத்தின் மேல் வெள்ளைப் பொட்டு விழுகிறது. அதை எப்படி நீக்குவது?

இந்தப் பக்கத்தில் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுவே. பளபளப்பான மேற்பூச்சு போட்ட நகம், சாலை வளைவுகளில் பொருத்தியிருக்கும் குவி ஆடியைப் போன்றது. எதிரே உள்ள சிறு பகுதியை மட்டும் காட்டாமல், சன்னல், மேல்விளக்கு, மின்விசிறி, கேமரா, படமெடுப்பவரின் சட்டை என்று சுற்றியுள்ள அனைத்தையும் சுருக்கித் தன் மேல் காட்டும். ஆகவே நகத்தைப் படமெடுப்பது என்பது, அது எதை எதிரொளிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான்.

வெள்ளைப் பொட்டு என்பது ஒரு சிறிய விளக்கின் பிம்பம். வட்ட விளக்கு வைத்திருப்பவர்களின் படங்களில் ஒவ்வொரு நகத்திலும் ஒரு வளையம் தெரிவதும் இதனால்தான். பிம்பத்தை அறவே நீக்கினால் பளபளப்பும் போய், ஜெல் பூச்சு பிளாஸ்டிக் வில்லைபோல் உயிரற்றுத் தெரியும். செய்ய வேண்டியது, அந்தப் பொட்டை நகத்தின் நீளவாக்கில் ஓடும் மென்மையான ஒரு கோடாக மாற்றுவது.

இதற்கு வேண்டியவை ஒரு சன்னலோ விளக்கோ, ஒரு வெள்ளை வேட்டி, ஒரு வெள்ளை மணிலா அட்டை, ஒரு கறுப்பு மணிலா அட்டை ஆகியவையே. வாடிக்கையாளரின் விரல்கள் உங்களை நோக்கியிருக்க, வெளிச்சம் அவருடைய கையின் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். வெளிச்சத்துக்கும் கைக்கும் நடுவே வேட்டியை ஒற்றை மடிப்பாகத் தொங்கவிட்டு, படத்தில் விழாத அளவுக்குக் கைக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள். துணி நெருங்க நெருங்க, நகத்தின் பார்வையில் அது பெரிய வெள்ளைத் தளமாகி, பொட்டு நீண்டு ஓரத்துக்கு நகரும். வலப்பக்கத்தில் வெள்ளை அட்டையை நிறுத்தினால் அந்தப் பக்கத்தின் நிழல் தெளியும். அட்டையின் பிம்பமும் நகத்தில் விழுந்து இரண்டு கோடுகளாகத் தெரிந்தால், அட்டையைத் தாழ்த்துங்கள். கறுப்பு அட்டை மேலே, கேமராவுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மேல்கூரையும் விசிறியும் நகத்தில் தெரியாமல் அது மறைத்துவிடும். அடர் மெரூன், கரும்பச்சை போன்ற நிறங்களில் இதன் பயன் உடனே கண்ணுக்குப் புலப்படும். சாம்பல் பூத்ததுபோல் இருந்த நகம் ஆழமான நிறத்துக்கு வந்துவிடும்.

அறையின் மற்ற விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஜெல்லை உலர்த்தும் விளக்கையும் மறக்காதீர்கள். அதன் ஊதா வெளிச்சம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் கேமரா அதை நன்றாகவே பதிவு செய்யும்.

போலரைசர் ஃபில்டர் வாங்கினால் இந்தத் தொல்லை தீராதா?

ஓரளவுக்குத் தீரும். லென்ஸின் முன்னால் மாட்டும் அந்தக் கண்ணாடி, நகத்தை ஏறத்தாழ 55 பாகைச் சாய்வில் தொட்டுத் திரும்பும் ஒளியை நன்றாக வெட்டும். நேர் மேலிருந்து பார்க்கும்போது நேர் மேலிருந்து வரும் ஒளியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உலோகத் துகள்களின் எதிரொளிப்பு அதற்கு அடங்காது. ஒன்றரை முதல் இரண்டு படி வெளிச்சத்தையும் (ஒரு படி குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) அது தின்றுவிடும். வேட்டியையும் அட்டையையும் பழகிக்கொண்ட பிறகு வேண்டுமானால் வாங்குங்கள்.

குரோம், கேட்-ஐ, மினுக்குப் பூச்சு ஆகியவை நேரில் அழகாக இருக்கின்றன, படத்தில் செத்துப்போகின்றன. என்ன செய்வது?

இவை மூன்றும் மூன்று வேறு குணமுடையவை. வெள்ளைப் பொட்டைப் பற்றிய பதிலில் சொன்ன மென்னொளி இவற்றில் சிலவற்றைக் கெடுத்துவிடும்.

மினுக்குப் பூச்சில் உள்ள ஒவ்வொரு துகளும் தனித்தனி ஆடி. எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் எல்லாத் துகள்களும் ஒரே அளவில் வெளிறித் தெரியும். சில துகள்கள் மின்னி, அடுத்தவை இருண்டிருந்தால்தான் கண்ணுக்கு மினுக்காகத் தோன்றும். எனவே மென்னொளியைக் குறைவாக வைத்து, சிறிய டார்ச் விளக்கு ஒன்றைக் கைநீளத் தொலைவில் ஒரு பக்கமாகப் பிடியுங்கள். கைப்பேசியின் டார்ச்சே போதும். வானவில் நிறம் காட்டும் ஹோலோகிராஃபிக் பூச்சுக்கு நேர் வெயில்தான் சரியான வெளிச்சம். அதன் துகள்களில் உள்ள நுண்ணிய வரிகள் ஒளியை நிறங்களாகப் பிரிக்க, அது ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். ஃபோகஸைச் சற்றே விலக்கி ஒரு கூடுதல் படம் எடுத்தால், மினுக்குகள் நிறப்பொட்டுகளாக விரிந்து தெரியும். தெளிவான படத்துக்குத் துணையாக அதையும் போடலாம்.

கேட்-ஐ பூச்சில் காந்தத்தால் இழுக்கப்பட்ட துகள்கள் ஒரே சாய்வில் படுத்திருக்கின்றன. ஒளிக்கோடு தோன்றும் இடம், விளக்கின் கோணத்தைப் பொறுத்தது. கேமராவை அசைக்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே டார்ச்சை மெல்ல இடவலமாக நகர்த்துங்கள். கோடு நகத்தின் நடுவுக்கு வரும் நொடியில் படமெடுங்கள். நான்கு நகங்களிலும் கோடு ஒரே இடத்தில் வரவில்லையென்றால், காந்தத்தைப் பிடித்த கோணம் விரலுக்கு விரல் மாறியிருக்கிறது. அல்லது விரல்கள் ஒரே தளத்தில் இல்லை. இந்தப் பூச்சுக்கு மட்டும் நான் படத்தைவிடச் சில வினாடிக் காணொலியையே பரிந்துரைப்பேன்.

குரோம் பொடி தேய்த்த நகம் முழு ஆடி. அதில் எதிரொளிக்க எதுவும் இல்லையென்றால் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். ஒரு பக்கம் வெள்ளை அட்டையும் மறுபக்கம் கறுப்பு அட்டையும் வைத்து, வெண்மையிலிருந்து கருமைக்கு மாறும் சாயலை அதற்குக் கொடுங்கள். உலோகம் உலோகமாகத் தெரிவது அந்த மாற்றத்தால்தான். சிவப்புச் சேலையோ பூப்போட்ட சட்டையோ அணிந்துகொண்டு குரோம் நகத்தைப் படமெடுத்தால் நீங்களும் அந்தப் படத்தில் இருப்பீர்கள். கறுப்புச் சட்டை அணியுங்கள்.

நிறம் மாறித் தெரிகிறது. "படத்தில் பார்த்தது இது இல்லையே" என்று வாடிக்கையாளர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான், அவர் படத்தைப் பார்த்துத்தானே வந்தார். முதல் காரணம், கலப்பு வெளிச்சம். சன்னல் ஒருபுறம் நீலமாகவும் மேல்விளக்கு மறுபுறம் மஞ்சளாகவும் ஒளிரும்போது எந்த ஒயிட் பேலன்ஸாலும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமராவின் அமைப்பு) இரண்டையும் சமன்செய்ய முடியாது. ஒரே வகை வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதே வெளிச்சத்தில் சாம்பல் அட்டை ஒன்றைப் படமெடுத்து, கேமராவின் பட்டியலில் தனிப்பயன் ஒயிட் பேலன்ஸாக அதை அமையுங்கள். சாம்பல் அட்டைக்குப் பதிலாகச் சிலர் வெள்ளை அலுவலகத் தாளைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வெண்மையூட்டும் இரசாயனம் சேர்ப்பதால் பகல் வெளிச்சத்தில் அது சற்று நீலம் பாரிக்கும், அதை அளவாக எடுத்துக்கொண்ட படம் மஞ்சளாகிவிடும்.

இரண்டாவது, கேமராவின் நிற அமைப்பு. "விவிட்" போன்ற அமைப்புகளை விட்டுவிட்டு "நியூட்ரல்" வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குங்குமச் சிவப்பில் படத்தின் சிவப்புப் பகுதி மட்டும் எல்லை தாண்டி நிரம்பிவிடுவதால், அதன்மேல் சிவப்பிலேயே வரைந்த நுணுக்கம் காணாமல் போகும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலின் வரைபடம்) பார்த்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால், வெளிச்ச அளவை மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு படி வரை குறையுங்கள். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக) எடுத்தால் பின்னர் திருத்த இடமிருக்கும்.

நியான் நிறங்கள் முழுமையாகப் பிடிபடுவதில்லை. அவை புற ஊதாவையும் நீல ஒளியையும் உறிஞ்சி, தம் நிறத்தில் கூடுதல் வெளிச்சமாக உமிழ்கின்றன. அந்தப் பிரகாசத்தைக் காட்டும் அளவுக்குச் சாதாரணத் திரைகளின் நிற எல்லை விரிந்ததல்ல. வாடிக்கையாளரிடம் நிற அட்டையை நேரில் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வதே இதற்கு வழி.

கை கறுத்தும் மங்கியும் தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் நகம் வெளிறிவிடுகிறது.

கேமராவின் ஒளியளவி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக ஆக்க முயலும். வெள்ளை அட்டையின் மேல் மாநிறக் கையை வைத்தால், வெள்ளையைச் சாம்பலாக்கும் முயற்சியில் கை இன்னும் இருண்டுவிடுகிறது. அத்தகைய பின்னணியில் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) +2/3 முதல் +1 வரை கூட்ட வேண்டும். கறுப்புத் துணியின் மேல் வைத்தால் அதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். இந்தக் குழப்பமே வேண்டாமென்றால், சந்தன நிறம், மணல் நிறம், இளஞ்சாம்பல் போன்ற நடுத்தரப் பின்னணியைப் பயன்படுத்துங்கள். நம் தோலுக்கும் அதுவே எடுப்பாக இருக்கிறது.

தோலை வெளுப்பாக்கும் ஃபில்டர்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. கையை வெளுக்கவைக்கும் ஃபில்டர் நகத்தின் நிறத்தையும் சேர்த்து மாற்றிவிடும் என்பது ஒரு காரணம். கரிய கையில் ஒரு நிறம் எப்படி எடுபடும் என்று பார்க்க வருபவருக்கு அந்தப் படம் எந்த விடையும் தராது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஃப்ளாஷ் பயன்படுத்தலாமா?

கேமராவிலேயே உள்ள ஃப்ளாஷ் வேண்டாம். நெருக்கத்தில் லென்ஸின் நிழல் கையில் விழும். நகத்தில் கூரிய பொட்டு விழும். தனி ஃப்ளாஷ் இருந்தால், அதைக் கேமராவிலிருந்து பிரித்து வேட்டிக்குப் பின்னால் வைக்கலாம். அப்போது நடுக்கம் ஒரு பொருட்டே அல்ல.

படமெடுக்கும் முன் கையை எப்படித் தயார் செய்வது?

ஜெல்லின் மேல் மிஞ்சும் பிசுபிசுப்பைத் துடைத்து, கையைக் கழுவி, அரத்தின் தூளை மென்தூரிகையால் தட்டி, நக அடித்தோலில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, நன்றாக ஒற்றியெடுங்கள். எண்ணெய் நகத்தின் மேல் படர்ந்தால் பிம்பம் கலங்கும். அரம் பட்ட தோல் சிவந்திருந்தால் சற்றுநேரம் காத்திருப்பது நல்லது. பஞ்சு இழைகளைக் கண் பொருட்படுத்தாது, மேக்ரோ விடாது. எனவே இழை விடாத துடைப்பானையே பயன்படுத்துங்கள்.

மருதாணியும் நக அலங்காரமும் சேர்ந்திருக்கும் மணப்பெண் கையென்றால் இரண்டுக்கும் தனித்தனிப் படம் எடுப்பது நல்லது. மருதாணி விரல் முழுவதும் படர்ந்திருப்பதால் அதற்கு ஆழம் அதிகம் தேவை. சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். பட்டுச் சேலையைப் பின்னணியாக விரிக்கும் வழக்கம் அழகானதுதான், ஆனால் சரிகை மின்னும். முந்தானையைத் தவிர்த்து உடற்பகுதியை விரித்து, கையிலிருந்து அதைச் சில சென்டிமீட்டர் தாழ்த்தி வைத்தால், சேலை நிறமாக மட்டும் மங்கி நிற்கும்.

கேமராவைப் பாதுகாப்பது எப்படி? லென்ஸில் பூஞ்சை வருவதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான், பினாங்கின் ஈரப்பதத்தில் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில் சிலந்தி வலை போன்ற இழைகள் படர்வது சாதாரணம். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கும் உலர்பெட்டி சிறந்தது. அதற்கு வசதியில்லையென்றால், இறுக்கமாக மூடும் நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு வைக்கலாம். சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து ஐந்தடிக்குக் கேமராவைக் கொண்டுவந்தால் லென்ஸ் உடனே பனிக்கும். துடைக்காமல், மூடிய பைக்குள் வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

நகத் தொழிலுக்கே உரிய இரண்டு ஆபத்துகளும் உள்ளன. நகத்தை அராவும் மேசைக்கருகே லென்ஸைக் கழற்றினால் அந்தத் தூள் சென்சாரில் போய் அமரும். அசிட்டோன் பட்ட விரலால் கேமராவைத் தொட்டால் நெகிழி உடல் உருகிக் கறைபடும்.

எடுத்த படத்தை எப்படிச் சேமித்து அனுப்புவது?

வெட்டுவது, தூசு இழைகளை நீக்குவது, கூர்மையைச் சிறிது கூட்டுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோலில் உள்ள தூசை நீக்கலாம். பூச்சு வழிந்த இடத்தைக் கணினியில் அழித்துச் சரிசெய்யக் கூடாது, அது வேலையைப் பற்றிய பொய். கோப்பை எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில், படவரிக்கு 1080 பிக்சல் அகலத்தில் சேமியுங்கள். புலனத்தில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு மெல்லிய கோடுகள் சிதையும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பே போய்ச் சேரும். மோதிரம், பச்சை குத்திய பெயர், நிச்சயதார்த்தத் தேதி போன்றவை கையிலேயே ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதால், வெளியிடுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் படத்தைக் காட்டி அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள்.